கதிரவெளியில் அரை மீற்றர்

2004இன் ஆழிப்பேரலை அடித்து ஓய்ந்த சில வாரங்களில் இலங்கை அரசாங்கம் கரையோரம் முழுவதற்கும் ஒரு கோடு கிழித்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அதற்குள் வீடு கட்டக் கூடாது. 2005 முடிவதற்குள்ளேயே அந்த விதி தளர்ந்தது. மாற்றுக் காணி கிடைக்கவில்லை. தோணியையும் வலையையும் கண்பார்வைக்கு அப்பால் விட்டுவிட்டு உள்நாட்டில் போய்க் குடியிருக்க மீனவக் குடும்பங்கள் விரும்பவில்லை. இவையெல்லாம் அப்போதே நிறையப் பேசப்பட்டன. கோட்டின் அடிப்படைக் குறையைப் பற்றித்தான் பேச்சுக் குறைவு. அது தூரத்தை அளந்தது, உயரத்தை அளக்கவில்லை. கரையிலிருந்து 150 மீற்றரில் மணல்மேட்டின் மேல் நிற்கும் வீடு தடைக்குள் அகப்பட்டது. 400 மீற்றர் தள்ளிக் களப்போரத் தாழ்நிலத்தில் நிற்கும் வீடு அனுமதி பெற்றது. தண்ணீர் இந்த வீடுகளுக்கு நேர்மாறான தீர்ப்பை எழுதக்கூடும்.

கதிரவெளி இந்தக் கோட்டுக்கு நல்ல சோதனைக்களம். மட்டக்களப்பு மாவட்டத்தின் வட அந்தத்தில், கோறளைப்பற்று வடக்கு எனப்படும் வாகரைப் பிரதேச செயலகப் பிரிவில், மட்டக்களப்பையும் திருகோணமலையையும் இணைக்கும் ஏ-15 வீதியோரம் கிடக்கும் ஊர். கிழக்கே கடல். வடக்கே சற்றுத் தள்ளி வெருகல் ஆறு; மாவட்ட எல்லையும் அதுதான். மேற்கே வயலும் காடும் சிறு குளங்களும். தெற்கே புச்சாக்கேணி, பால்சேனை, வாகரை, அதற்கப்பால் பனிச்சங்கேணிக் களப்பு. மட்டக்களப்பு என்றதும் நினைவுக்கு வரும் 56 கிலோமீற்றர் நீள வாவி இங்கிருந்து வெகு தெற்கே இருந்தாலும் நிலத்தின் குணம் ஒன்றே. கடலோரம் மணல்மேடு, அதன் முதுகுப்புறம் ஒரு தாழ்வு, தாழ்வில் உவர்நீரோ மழைநீரோ, அதற்கும் பின்னால் வயல். வெருகல் ஆறு பார்வைக்குச் சிறியது. ஆனால் மகாவலியின் கிளை. கண்டி மலையில் கொட்டும் மழையின் ஒரு பங்கு ஓரிரு நாளில் இந்த ஊரின் வடக்கே வந்து கடலில் விழுகிறது. கடல், ஆறு, மேற்கத்தை வயல்வெளி என்று மூன்று பக்கமும் தண்ணீர் வரும் ஊர் இது. சூறாவளிக்குத் திசையே தேவையில்லை.

கிழக்கிலங்கையின் வயதானவர்களுக்கு 1957இன் பெருவெள்ளம் ஒரு காலக்குறி. அடுத்தது 1978 நவம்பர் 23 இரவு: மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் ஆயிரம் பேரளவில் இறந்தனர், இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் சேதமாயின, மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதி ஒரே இரவில் சாய்ந்தது. பிறகு 2004 டிசம்பர் 26. பிறகு 2011 ஜனவரியின் வெள்ளம். நாட்டில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பாதித்த அதில் மட்டக்களப்பே மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. கடைசியாக 2025 நவம்பர் 28 அன்று கிழக்குக் கரையில் ஏறிய டித்வா சூறாவளி. மலைநாட்டில் மண்சரிவு நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று; கீழே மகாவலி பெருகி, மாவிலாறு உடைப்பெடுத்து, வெருகல், மூதூர்ப் பக்கத்துத் தாழ்நிலங்களிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். இந்த ஐந்தில் முதலாவதை எந்தச் செய்மதியும் படம்பிடிக்கவில்லை. மனிதன் விட்ட முதல் செய்மதிக்கே அப்போது வயது சில மாதந்தான். ஐந்தாவதை எத்தனை செய்மதிகள் பார்த்தன என்று எண்ணிச் சொல்வதே கடினம். அப்படிப் பார்த்ததால் கதிரவெளியில் ஒரு வீட்டுக்காரருக்கு என்ன தெரியவந்தது என்பதுதான் என் கேள்வி.

ஆழிப்பேரலையின் கதையிலேயே இதற்குப் பாதி விடை இருக்கிறது. சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 அளவில் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின், கடல்மட்டத்தை அளக்கும் ஜேசன்-1 செய்மதி இந்து சமுத்திரத்தின் மேலாகக் கடந்தது. ஆழ்கடலில் அலையின் உயரம் 60 சென்ரிமீற்றரளவு என்று அது பதிவு செய்தது. விஞ்ஞானத்துக்கு அது பெரிய பேறு. விண்ணிலிருந்து ஆழிப்பேரலையை அத்தனை துல்லியமாக அதற்கு முன் யாரும் அளந்ததில்லை. ஆனால் அந்த அளவு பூமிக்கு வந்து, பிரித்துப் பார்க்கப்படுவதற்குப் பல மணி நேரம் ஆயிற்று. அது அளந்துகொண்டிருந்த வேளையில் அலை கிழக்குக் கரையில் ஏறிக்கொண்டிருந்தது. அன்று காலை பத்து மணி கடந்து குவிக்பேர்ட் செய்மதி களுத்துறைக் கரையை எடுத்த படம் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது: கடல் உள்வாங்கி, கரையில் சுழிகள் தெரியும் படம். செய்மதி தரவின் பெருமையும் எல்லையும் அந்த ஒரே காலையில் தெரிந்துவிட்டன. அது நல்ல சாட்சி. காவற்காரன் வேலைக்கு அதை நம்பியிருக்க முடியாது. அந்த வேலையை நிலநடுக்கமானிகளும் கடலில் மிதக்கும் அளவிகளும் செய்கின்றன.

சாட்சி என்ற அளவில் இன்று மிக வலிமையானது ரேடார். மாரிகாலத்தில் மட்டக்களப்பின் மேல் வானம் திறந்திருக்கும் நாள்கள் கொஞ்சம். சாதாரண ஒளிப்படக் கருவி மேகத்தின் முதுகைத்தான் படம்பிடிக்கும். ரேடார் செய்மதி தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதை வாங்கிப் பதிகிறது. மேகமும் இருட்டும் அதைத் தடுப்பதில்லை. தேங்கி நிற்கும் நீரின் மேற்பரப்பு மழமழவென்றிருப்பதால் அலை மறுபக்கம் தெறித்துப் போய்விடும். படத்தில் அந்த இடம் கறுப்பாக விழும். ஐரோப்பாவின் சென்டினல்-1 வரிசை 2014 முதல் இதை இலவசமாகத் தருகிறது. கொழும்புக்கு அருகே பத்தரமுல்லையில் தலைமையகம் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் இத்தகைய தரவுகளைக் கொண்டு இலங்கையின் வெள்ளங்களைப் பல ஆண்டுகளாக வரைபடமாக்கி வருகிறது.

ஆனால் கிழக்கு மாகாணத்தின் படிமத்தை வாசிக்க கிழக்கு மாகாணத்தைத் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளம் வரும் நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில்தான் பெரும்போக வேளாண்மை வயலில் நிற்கிறது. விதைப்பு முடிந்து, பயிர் இளசாக, வரம்புக்குள் தண்ணீர் கட்டி நிற்கும் வயலும் ரேடாருக்குக் கறுப்புத்தான். விவசாயி வேண்டி நிறுத்திய தண்ணீரும் அவர் வீட்டுக்குள் வேண்டாமல் புகுந்த தண்ணீரும் அதற்கு ஒன்றே. காய்ந்த மணற்பரப்பும் அலையைச் சரியாகத் திருப்பித் தராததால் சில வேளைகளில் நீராக மயக்கும். கதிரவெளியின் கடற்கரையே அப்படிப்பட்ட மணல். மறுபக்கம், மரங்களுக்கடியிலும் வீடுகளுக்கிடையிலும் நிற்கும் வெள்ளத்தில் அலை நீரில் பட்டு, அடிமரத்திலோ சுவரிலோ பட்டு இரட்டிப்பாகத் திரும்புவதால், மூழ்கிய இடமே வெளிச்சமாகத் தெரிவதும் உண்டு. அதாவது வயலில் இல்லாத வெள்ளம் தெரியும், குடிமனையில் இருக்கும் வெள்ளம் மறையும். இந்தப் பிழை எல்லா இடத்திலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. கட்டடங்களுக்கான ஆபத்தை மதிப்பிடுகிறோம் என்றால், நமக்கு மிகவும் வேண்டிய இடத்தில்தான் மிகுதியாக நிகழ்கிறது.

நேரமும் ஒரு சிக்கல். செய்மதி ஒரே இடத்துக்கு மேல் திரும்ப வர ஆறு நாளோ பன்னிரண்டு நாளோ ஆகும். கடலோரச் சிற்றூரில் வெள்ளம் உச்சத்தில் நிற்பது சில மணி நேரம், மிஞ்சினால் இரண்டொரு நாள். முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் ஒரே இரவில் இறங்கிவிடும். செய்மதி வரும்போது இருப்பது வெள்ளமாகவும் இருக்கலாம், வெள்ளம் வடிந்த சேறாகவும் இருக்கலாம். 2021 டிசம்பரில் சென்டினல்-1பி பழுதாகிப்போனதால் மூன்று ஆண்டுகளுக்கு இந்த இடைவெளி இரட்டிப்பாயிற்று. 2024 டிசம்பரில் மாற்றுச் செய்மதி ஏவப்பட்ட பிறகே நிலைமை சீரடையத் தொடங்கியது. எங்கோ ஐரோப்பாவில் கட்டிய ஒரு கருவியின் மின்வழங்கல் கெட்டதால் வெருகல் ஆற்றின் வெள்ளப் பதிவில் ஓட்டை விழுந்தது என்பது யோசிக்கத் தக்கது.

இனி உயரத்துக்கு வருவோம். கட்டுரையின் கனம் இங்கேதான் இருக்கிறது.

வெள்ளம் எங்கே நின்றது என்று தெரிந்தாலும், எவ்வளவு ஆழம் நின்றது என்று சொல்ல நிலத்தின் உயரம் தெரிய வேண்டும். இன்னும் வராத ஓர் அலை எங்கே வரை ஏறும் என்று கணிக்கவும் அதுவே வேண்டும். உலகின் பெரும்பகுதிக்கு முதல் விரிவான உயர வரைபடம் 2000 பெப்ரவரியில் கிடைத்தது. எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி ரேடாரால் எடுத்தது. எஸ்ஆர்டிஎம் என்று பெயர். தென்னாசியாவின் எத்தனையோ வெள்ள ஆய்வுகள் அதன் மேல்தான் நிற்கின்றன. 30 மீற்றருக்கு 30 மீற்றர் சதுரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம். மலைநாட்டுக்கு அது போதும். கதிரவெளிக்குப் போதாது. அந்த ரேடார் அலை மரத்தின் தலையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பியது. தென்னையும் பனையும் அடர்ந்த நிலத்தை அது மேடென்று எழுதிவைத்தது. ஸ்கொட் கல்ப், பெஞ்சமின் ஸ்ட்ராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2019இல் இந்தப் பிழையைக் கரையோரங்களுக்குத் திருத்திப் பார்த்தபோது, 2050 அளவில் ஆண்டுக்கொரு முறையேனும் கடல்வெள்ளம் எட்டக்கூடிய நிலத்தில் குடியிருப்போர் எண்ணிக்கை உலக அளவில் ஏறத்தாழ 8 கோடியிலிருந்து 30 கோடியாயிற்று. நிலமும் மக்களும் மாறவில்லை. அளவுகோலின் பிழை மட்டும் குறைந்தது.

பிற்பாடு வந்த கோப்பர்னிக்கஸ் உயரத் தரவும், அதிலிருந்து மரத்தையும் கட்டடத்தையும் கழித்து 2022இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட வடிவமும் எவ்வளவோ மேல். அவற்றிலும் ஒரு மீற்றர் பிழை சர்வசாதாரணம். கதிரவெளியில் ஒரு மீற்றர் என்பது என்ன? முழங்கால் அளவு தண்ணீருக்கும் நெஞ்சளவு தண்ணீருக்கும் இடையிலுள்ளது. வீதி திறந்திருப்பதற்கும் மூடப்படுவதற்கும் இடையிலுள்ளது அதில் பாதிகூட இல்லை.

சதுரத்தின் அகலம் இன்னொரு பொல்லாப்பு. ஒரு மணல்மேட்டை எடுத்துக்கொள்வோம். உச்சி 5 மீற்றர், அகலம் 15 மீற்றர், இரு பக்கமும் ஒரு மீற்றர் உயரத் தரை. 30 மீற்றர் சதுரத்துக்குள் இது அகப்பட்டால் மேடும் தரையும் கலந்து இரண்டு இரண்டரை மீற்றர் என்ற ஒற்றை எண்ணாகும். கணினி அலையை ஓடவிட்டால், மூன்று மீற்றர் அலை அந்த மேட்டைத் தாண்டி ஊருக்குள் போவதாகக் காட்டும். உண்மையில் மேடு அதைத் தடுத்திருக்கும். மறுவளமாக, மேட்டை யாரோ வெட்டி ஒரு வழி விட்டிருந்தால், தோணி இழுக்க ஆறேழு மீற்றர் அகல இடைவெளி, அது சதுரத்துக்குள் கரைந்து காணாமற்போகும். தண்ணீர் மட்டும் அதை மறக்காமல் கண்டுபிடிக்கும். 2005 ஜனவரியில் இலங்கைக் கரைகளை அளந்த சர்வதேச ஆய்வுக்குழு தெற்கே யால வனப்பகுதியில் இதை நேரில் கண்டது. கடற்காட்சிக்காக முன்னால் இருந்த மணல்மேட்டின் ஒரு பகுதியை அகற்றியிருந்த ஒரு விடுதி முற்றாக அழிந்தது. மேடு நின்ற இடங்களில் அலை அவ்வளவு உள்ளே போகவில்லை.

கதிரவெளி, வாகரைப் பக்கம் இல்மனைட் மணல் அகழ்வுக்கு எதிராக அண்மை ஆண்டுகளில் மக்கள் நடத்திய ஆர்ப்பாட்டங்களை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அந்தத் தகராற்றில் காணி, தொழில், நிலத்தடி நன்னீர் என்று பல முனைகள் உண்டு. ஆனால் மணல்மேடு எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு குறைந்தால் எத்தனை வீடு அலைக்கு எதிர்ப்படும் என்ற கணக்கை யாராவது மேசையில் வைக்க வேண்டுமானால், இலவசமாகக் கிடைக்கும் உலக வரைபடத்தால் அதைச் செய்ய முடியாது. முடியாது என்பதைச் சொல்லாமல் அந்த வரைபடத்தையே ஆய்வறிக்கையில் இணைப்பது பலர் செய்யும் வேலை. என் பார்வையில் அது வெறும் கவனக்குறைவுக்கு மேலான தவறு.

கட்டடத்துக்கு வருவோம். ஓர் இடரை மதிப்பிட மூன்று விடயம் தெரிய வேண்டும்: என்ன வரும், அதன் வழியில் எது நிற்கிறது, நிற்பது எவ்வளவு தாங்கும். முதலாவதைச் செய்மதி, மேலே கண்ட குறைகளோடு, ஓரளவு சொல்லும். இரண்டாவதிலும் இப்போது பெரிய முன்னேற்றம். அரை மீற்றர் துல்லியப் படங்களிலிருந்து கணினி தானாகவே கூரைகளின் எல்லையை வெட்டியெடுக்கிறது. கூகுள் 2023இல் வெளியிட்ட திறந்த கட்டடத் தரவில் 180 கோடிக் கட்டடங்கள் உண்டு, தென்னாசியாவும் அடக்கம். மூன்றாவதில்தான் கண் கெட்டுப்போகிறது. ஏனென்றால் மேலிருந்து தெரிவது கூரை மட்டும்.

காற்றைப் பொறுத்தவரை கூரையைப் பார்ப்பது வீணல்ல. ஓட்டுக்கூரை செம்மையாகவும், சீற்றுக்கூரை சாம்பலாகவும், கிடுகு மண்ணிறமாகவும் தெரியும்; 1978 போன்றொரு சூறாவளி வந்தால் எது முதலில் பறக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் சீற்றைச் சுவரோடு பிணைக்கும் ஆணியும் கொளுக்கியும் துருப்பிடித்திருக்கிறதா என்பதைக் கதிரவெளியின் உப்புக்காற்றில் ஏணி வைத்து ஏறித்தான் பார்க்க வேண்டும்.

நீரைப் பொறுத்தவரை கூரை பெரும்பாலும் பொய்சொல்லும். தொஹோகு பல்கலைக்கழகத்தின் ஷுனிச்சி கொஷிமுராவும் தோழர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கல். சுமாத்திராவின் பண்டா ஆச்சேயில் ஆழிப்பேரலைக்கு முந்திய, பிந்திய செய்மதிப் படங்களை ஒப்பிட்டு, கூரை எஞ்சியிருந்தால் கட்டடம் தப்பியது, இல்லாவிட்டால் அழிந்தது என்று பிரித்து, அதைக் கணினி தந்த நீராழத்தோடு பொருத்தினார்கள். ஆழம் இரண்டு மூன்று மீற்றரைத் தாண்டும்போது அழிவு சடுதியாகக் கூடுவது அதில் தெரிந்தது. கெட்டிக்காரத்தனமான வழி, வேறு வழியும் அப்போது இல்லை. ஆனாலும் கூரை நிற்க, கீழே சுவர் பிளந்து, அத்திவாரத்து மணலை அலை அரித்துக்கொண்டுபோன வீடுகள் அந்தக் கணக்கில் தப்பியவை. இலங்கையிலோ ஒசாமு முராவோ போன்ற ஆய்வாளர்கள் வீடு வீடாகச் சேத விபரம் திரட்டி, கட்டடத்தின் வகைக்கேற்ப எத்தனை மீற்றரில் எவ்வளவு சேதம் என்ற வளைகோடுகளை வரைந்தார்கள். தலைநகரிலிருந்தோ வானிலிருந்தோ பெற முடியாத தரவு அது.

மட்டக்களப்பு மாவட்டத்திலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. உலக வங்கியின் திறந்த நகரங்கள் திட்டம் டாக்கா, காத்மண்டு ஆகிய பெருநகரங்களோடு மூன்றாவதாக எடுத்துக்கொண்டது மட்டக்களப்பை. 2013 அளவில், மண்முனை வடக்குப் பிரதேசத்தில் சுமார் 30,000 கட்டடங்களைச் செய்மதிப் படத்தின் மேல் வரைந்து, பிறகு தெருத்தெருவாக நடந்து, எத்தனை மாடி, என்ன சுவர், என்ன கூரை, என்ன பயன்பாடு என்று குறித்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எல்லோருக்கும் பொதுவாக ஏற்றினார்கள். பாராட்டத்தக்க வேலை. ஆனால் அது நகரமும் அண்டையும். வாகரைப் பிரதேசம் அதில் சேரவில்லை. வாவியின் வாயில் உள்ள ஊர்களுக்குக் கிடைத்த கண்ணாடி, வெருகல் ஆற்றங்கரைக்கு வரவில்லை.

இது எண்களில் எப்படி விளைகிறது என்பதற்கு டித்வாவே அண்மைச் சான்று. ஐ.நா. அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டம் செய்மதித் தரவை வைத்து விரைவில் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. நாட்டில் 11 இலட்சம் ஹெக்டேருக்கு மேல் நீரில், ஏறத்தாழ 23 இலட்சம் மக்கள் அந்த நிலத்தில், 720,000 அளவு கட்டடங்கள் வெள்ளத்துக்கு எதிர்ப்பட்டவை. உலக வங்கியின் துரித மதிப்பீடு நேரடிச் சேதத்தை 4.1 பில்லியன் டொலர் என்றது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 4 சதவீதம். அதில் மிகப் பெரிய பங்கு வீடுகளுக்குரியதல்ல. வீதி, பாலம், ரயில்பாதை, நீர்வழங்கல் போன்ற உட்கட்டமைப்புக்குரியது. நிவாரணம் கேட்கவும் கடன் பேசவும் இத்தகைய எண்கள் சில வாரங்களுக்குள் வேண்டும். செய்மதி இல்லாவிட்டால் மாதக்கணக்காகும். ஆகையால் நான் இதை இகழவில்லை. ஆனால் 720,000 என்பதை வாசிக்கும்போது கவனம் வேண்டும். வெள்ளம் எனக் குறித்த பரப்புக்குள் விழுந்த கூரைகளின் எண்ணிக்கை அது. முற்றாக இடிந்தவை என்று அனர்த்த முகாமைத்துவ நிலையம் கணக்கெடுத்த வீடுகள் சில ஆயிரங்களே. இரண்டு எண்ணும் சரி. இடையில் இருப்பது அத்திவாரத்தின் உயரம், சுவரின் கல், தண்ணீர் நின்ற மணி நேரம், ஓடிய வேகம்.

அத்திவார உயரத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒரே வளவில் இரண்டு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்வீடு கொடையாளர் திட்டத்தில் கட்டியது: சீமெந்துக் கல், ஓட்டுக்கூரை, வாசலில் மூன்று படி. பின்வீடு மகளுக்கென்று பிறகு இறக்கியது. காசு முட்டுப்பட்டதால் ஒரு படியோடு நிறுத்தியது. ஒரு படி அரை அடி என்றால் இரண்டு தரைக்கும் வித்தியாசம் ஓரடி. தரையிலிருந்து ஓரடி தண்ணீர் வந்தால் முன்வீட்டில் படுத்துறங்கலாம். பின்வீட்டில் நெல்மூட்டையும் பிள்ளைகளின் கொப்பியும் நனையும், இரண்டு நாள் நின்றால் பூசப்படாத கல்லின் அடிவரி ஊறி உதிரத் தொடங்கும். வானிலிருந்து பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு செங்கூரை. எந்தத் தரவுத்தளத்திலும் இரண்டும் ஒன்றே.

இந்த ஊரின் கட்டடங்களுக்கு ஒரு வரலாறும் உண்டு. இயற்கை இடர் வரைபடங்கள் அதைக் கேட்பதில்லை. ஆழிப்பேரலைக்கு இரண்டு ஆண்டு கழித்து, 2006 நவம்பர் 8இல், கதிரவெளியில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலைமீது எறிகணைகள் விழுந்து பலர் கொல்லப்பட்டனர். அதன்பின் அப்பகுதி மக்கள் கூட்டமாக வெளியேறினார்கள். 2007இல் மீளக் குடியேற்றம் தொடங்கியது. ஆகவே இன்று செய்மதி காணும் கூரைகளில் பெரும்பாலானவை மிக அண்மையில் எழுந்தவை, வெவ்வேறு நிறுவனங்களின் வெவ்வேறு வரைபடத்தில், வெவ்வேறு உயரத்தில். தலைமுறையாக ஓரிடத்தில் இருப்பவன் வெள்ளம் ஏறாத திட்டைத் தெரிந்து வீடு கட்டுவான். இடம்பெயர்ந்து திரும்புபவனுக்குக் காணி கிடைத்த இடமே வீடு. இடர்கால ஒதுங்கிடம் என்று பட்டியலிடப்படுபவையும் பாடசாலைகளே. அவற்றின் தரை என்ன உயரத்தில் இருக்கிறது என்பதே அங்கு முதலில் எழுதப்பட வேண்டிய தகவல்.

கதிரவெளிக்குப் பயன்படும் ஒரு வரைபடம் என்ன விலைக்கு வரும்? நாம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. 2018 செப்டெம்பரில் நாசா ஏவிய ஐஸ்சாட்-2 லேசரால் நிலத்தின் உயரத்தை டெசிமீற்றர் துல்லியத்தில் அளக்கிறது. அது ஊர் முழுவதையும் மூடாது, மெல்லிய கீற்றுகளாகக் கடந்துபோகும். அந்தக் கீற்றுகளைக் கொண்டு அகன்ற வரைபடத்தின் பிழையைத் திருத்தலாம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2025 ஜூலை 30இல் எழும்பிய நிசார் ரேடார் செய்மதி, 24 சென்ரிமீற்றர் நீள அலையால், சென்டினலைவிட மரங்களுக்குள் நன்றாக ஊடுருவும்; தென்னஞ்சோலைக்குக் கீழே நிற்கும் வெள்ளத்தைக் காண அது உதவும். மீதி வேலை தரையில். 2011இலும் 2025இலும் சுவரில் எங்கே வரை தண்ணீர் ஏறியது என்பதை வீட்டுக்காரர் விரலால் காட்டுவார். அந்தக் கறையின் உயரத்தையும் படியின் உயரத்தையும் நாடாவால் அளந்து, இடத்தைக் கைபேசியில் குறித்துக்கொண்டால் போதும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் அனர்த்த முகாமைத்துவ உத்தியோகத்தர் இருக்கிறார். ஒவ்வொரு பிரிவிலும் கிராம உத்தியோகத்தர் இருக்கிறார். செய்மதி விலை ஏற்கனவே வேறு யாரோ கொடுத்தாயிற்று. இங்கே கொடுக்க வேண்டியது நடைக்கூலி.

கறைகளை அளப்பதில் ஒரு நயமும் உண்டு. ஒரே வெள்ளத்தின் நீர்மட்டம் ஒரு சிற்றூருக்குள் ஏறத்தாழச் சமமாகவே நிற்கும். பத்து வீட்டுச் சுவரில் கறையின் உயரத்தை எடுத்தால், அந்தச் சமமட்டத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுத் தரையும் எவ்வளவு கீழே என்பது தானாகக் கிடைக்கும். வெள்ளமே நில அளவையாளன் வேலையைச் செய்து வைத்துவிட்டுப் போகிறது. பூச்சு அடிக்குமுன் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். மட்டம் சமமாக இல்லாமல் வீதியின் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருந்தால் அது இன்னும் பெறுமதியான தகவல்.

அது நம்மை ஏ-15 வீதிக்குக் கொண்டுவருகிறது. போருக்கு முன்னும் போர்க்காலத்திலும் மட்டக்களப்பிலிருந்து கரையோரமாகத் திருகோணமலை போவதென்றால் வெருகல், உப்பாறு, கங்கை, இறால்குழி, கிண்ணியா என்று துறைக்குத் துறை இறங்கிப் படகுப்பாதையில் ஏற வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது; மற்றவையும் அதையடுத்து வந்தன, வீதியும் உயர்த்திப் போடப்பட்டது. கதிரவெளிக்கு அது பெரும் வரம். வைத்தியசாலையும் சந்தையும் மணிக்கணக்கிலிருந்து நிமிடக்கணக்குக்கு வந்தன. ஆனால் கடலுக்குச் சமாந்தரமாக, மேற்கிலிருந்து வரும் தண்ணீருக்குக் குறுக்கே உயர்த்திய எந்த வீதியும் ஓர் அணைக்கட்டுமாகும். அதற்குக் கீழே எத்தனை மதகு, எத்தனை போக்கு, எவ்வளவு அகலம், எத்தனை தூர்ந்துபோயின என்பதே மேற்குப் பக்கத்து வீடுகளின் வெள்ளத்தைத் தீர்மானிக்கும்.

இந்த ஒரு விடயத்தில் செய்மதி மிகத் தெளிவாகப் பேசும். இயற்கையாகத் தேங்கும் தண்ணீருக்கு நேர்க்கோட்டு ஓரம் கிடையாது. ரேடார் படிமத்தில் கறுப்புப் பரப்பு ஒன்று வளைந்து நெளிந்து வந்து ஓரிடத்தில் நூல்பிடித்தாற்போல் முடிந்தால், அங்கே வீதியோ வாய்க்கால் கட்டோ தண்ணீரை மறிக்கிறது. 2014இலிருந்து பத்துக்கு மேற்பட்ட மாரிகளின் படிமங்கள் சேமிப்பில் கிடக்கின்றன. வெருகல் பாலத்திலிருந்து பனிச்சங்கேணி வரை, ஒவ்வொரு மாரியிலும் இந்த நேர்க்கோடு எங்கெங்கே திரும்பத் திரும்ப விழுகிறது என்று ஒருவர் மேசையில் இருந்தபடியே குறித்துவிடலாம். அரை மீற்றர் உயரப் பிழை அதைப் பாதிக்காது. அந்த இடங்களுக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறியியலாளர் போய் மதகின் வாயை அளந்து பார்த்தால், அடுத்த முறை தார் போடும்போது வீதியை இன்னும் ஓரடி உயர்த்துவதா, அதே காசில் நாலு போக்கு கூட வைப்பதா என்பதை வெள்ளம் வருமுன்பே முடிவுசெய்யலாம்.